மாரனெல்லோவுக்கு ஒரு புகார்க் கடிதம்

லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு போகும் ஏ-40 சாலையை ஒட்டி, லண்டனின் மேற்கு ஓரத்தில் பார்க் ராயல் என்ற ரயில் நிலையம் இருக்கிறது. செங்கல் கோபுரம் வைத்த, 1930களின் பாணியில் கட்டிய அழகான நிலையம். அதைவிட்டு வெளியே வந்தால் அழகு முடிந்துவிடும். ஆறு வரிசையில் வண்டிகள் இரைந்து ஓடுகின்றன. இரு பக்கமும் கிடங்குகளும் ஷோரூம்களும். கைகாட்டிப் படம் எடுக்க ஒன்றும் இல்லை. இதே சாலையில் இன்னும் மேற்கே, பெரிவேலில், வெள்ளை மாளிகையாய் நிற்கும் பழைய ஹூவர் ஆலைக்குத்தான் கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். அதன் பின்கட்டில் இப்போது சூப்பர் மார்க்கெட், முன்கட்டில் அடுக்கு வீடுகள்.

ஃபெராரி கதையைத் தேடிப் போகிறவர்கள் விமானத்தில் நேராக இத்தாலியின் போலோன்யாவில் இறங்குவார்கள். நான் ஆக்டன் வட்டாரத்தின் இந்த இரைச்சலான சாலையோரத்திலிருந்து தொடங்கினேன். என்ஸோ ஃபெராரிக்கு பேரிங் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவரின் ஆலை, வெஸ்டர்ன் அவென்யூ என்ற பெயருள்ள இந்தச் சாலையில்தான் இருந்தது. சப்ளை செய்பவர் கார் முதலாளிக்குப் புகார் எழுதினார் என்ற தலைகீழ்க் கதையும் இங்கேதான் பிறந்தது.

அவர் பெயர் கை ஆந்தனி வேண்டர்வெல். எல்லோருக்கும் டோனி. 1898 செப்டம்பரில் பிறந்தவர். என்ஸோ ஃபெராரியும் 1898தான், பிப்ரவரி. டோனியின் அப்பா சார்லஸ் ஆந்தனி வேண்டர்வெல் இதே ஆக்டனில், வார்ப்பிள் வே என்ற தெருவில், வண்டிகளுக்கான மின்சாதன ஆலை நடத்தினார். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் சி.ஏ.வி. நம்மூர் லாரி, டிராக்டர் மெக்கானிக்குகள் “சி.ஏ.வி. பம்ப்”, “சி.ஏ.வி. ஃபில்டர்” என்று சொல்கிறார்களே, அதே சி.ஏ.வி. 1926-இல் லூகாஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அந்த லூகாஸ்தான் பின்னாளில் டி.வி.எஸ்ஸுடன் கைகோத்து 1961-இல் சென்னை பாடிக்கு வந்தது. ஆக்டனில் ஒரு தெருவில் நடந்துகொண்டே பாடி மேம்பாலத்தை நினைக்க வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வார்ப்பிள் வே இப்போது அலுவலகங்களும் காப்பிக் கடைகளுமாக இருக்கிறது.

அப்பாவின் ஆலை கைமாறியபின் மகன் பிடித்த தொழில் பேரிங். இந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸில் கை வைத்தாக வேண்டும்.

எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கனெக்டிங் ராடு பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உலோகத்தோடு உலோகம் உரசாமல், எண்ணெய்ப் படலத்தைத் தாங்கி நிற்பதுதான் பேரிங். பழைய நாளில் இதற்கு ஒயிட் மெட்டலை உருக்கி, ராடின் கண்ணுக்குள்ளேயே ஊற்றுவார்கள். ஆறிய பிறகு நீலச் சாயம் தடவி, ஷாஃப்ட்டை வைத்துச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேட்டையெல்லாம் ஸ்கிரேப்பரால் சுரண்டிச் சுரண்டி உட்கார வைப்பார்கள். கைதேர்ந்த ஃபிட்டருக்கே நாள் கணக்கில் பிடிக்கும் வேலை. பேரிங் போனால் வண்டியும் போய்ப் பட்டறையில் உட்கார்ந்துவிடும்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிராஃபைட் ப்ரான்ஸ் (Bronze) கம்பெனி இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. மெல்லிய எஃகுப் பட்டையின் மேல் பேரிங் உலோகத்தை ஒரு சீராகப் பூசி, வெட்டி, அரை வட்டமாக வளைத்துவிட்டார்கள். இரண்டு அரை வட்டங்கள் சேர்ந்தால் ஒரு பேரிங். தேய்ந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் தீர்ந்தது. சுரண்டலும் இல்லை, சாயமும் இல்லை. வேண்டர்வெல் 1930களில் இதைக் கேள்விப்பட்டு அமெரிக்காவுக்குப் போனார். கம்பெனித் தலைவர் ஹாப்கின்ஸ் பார்க்க மறுத்தார். இவர் அறைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். பார்க்கும்வரை எழுந்திருப்பதாக இல்லை. கடைசியில் லைசென்ஸோடு ஊர் திரும்பினார். அதை வைத்து இங்கே எழுப்பிய ஆலையில் வெளிவந்த சரக்கின் பெயர் ‘தின்வால்’ பேரிங். கதவருகே உட்கார்ந்து காரியம் சாதித்த இந்த ஆளை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை எதுவும் வியப்பாக இருக்காது.

இனி ஃபெராரியின் ஆலை இருக்கும் மாரனெல்லோ பக்கம். அந்த ஆலை போரில் இருமுறை, 1944-இலும் 1945-இலும், நேச நாட்டு விமானங்களின் குண்டுக்கு ஆளானது. அதைத் திருப்பிக் கட்டி, 1947 மார்ச்சில் தன் பெயர் தாங்கிய முதல் காரை வெளியே ஓட்டினார். பன்னிரண்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். அவ்வளவு சின்ன எஞ்சினில் அத்தனை பாகங்கள் அத்தனை வேகத்தில் சுழன்றால் முதலில் கழுத்தைப் பிடிப்பது பேரிங்தான். ஆரம்ப கால ஃபெராரி எஞ்சின்களுக்கு அதுவே தலைவலி. தின்வால் வந்து சேர்ந்தபின் தலைவலி குறைந்தது. ஆக, குண்டு போட்ட அணியைச் சேர்ந்த நாட்டிலிருந்து பார்சலில் பேரிங் வந்தது.

அதே சமயம் இங்கிலாந்தில் பி.ஆர்.எம். என்றொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. நாட்டின் மானத்தைக் காக்க ஒரு பந்தயக் கார் செய்வது என்று உதிரிபாக முதலாளிகள் பலர் சேர்ந்து பணமும் பாகமும் கொடுத்தார்கள். வேண்டர்வெல்லும் அதில் ஒருவர். கமிட்டி போட்டுக் கார் செய்தால் என்ன ஆகுமோ அதுவே ஆனது: கூட்டம் நடந்தது, கார் வரவில்லை. பொறுமையிழந்த வேண்டர்வெல், குழு பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு ஃபெராரி பந்தயக் காரையே வாங்கிவிடத் தீர்மானித்தார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அந்நிய கார் ஒன்றை இறக்குமதி செய்வது லேசு அல்ல, அரசு அனுமதி வேண்டும். பேரிங் சோதனைக்கு என்று காரணம் சொல்லப்பட்டது. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

1949-இல் கார் வந்தது. பச்சை வண்ணம் பூசி, பக்கவாட்டில் ‘தின்வால் ஸ்பெஷல்’ என்று எழுதினார்கள். ஃபெராரி கார் ஒன்று தன் சப்ளையரின் சரக்குப் பெயரைச் சுமந்து ஓடியது. அந்த மே மாதம் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயில் பி.ஆர்.எம். குழுவின் ரேமண்ட் மேஸும் கென் ரிச்சர்ட்ஸனும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ரிச்சர்ட்ஸன் கையில் இருந்தபோது கார் பாதையை விட்டு விலகி, பார்வையாளர் கூட்டத்துக்குள் போய்ச் சிலரைக் காயப்படுத்தியது.

கார் ஆக்டனுக்குத் திரும்பியது. வேண்டர்வெல்லின் ஆட்கள் எஞ்சினைக் கழற்றிப் பரப்பினார்கள். அளந்தார்கள். குறைகளைப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலோடு கடிதம் மாரனெல்லோவுக்குப் போனது, பின்னாலேயே காரும் திருப்பி அனுப்பப்பட்டது.

உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்கள் இதன் ருசியை உடனே அறிவார்கள். அந்த உலகில் கடிதம் ஒரு திசையில்தான் பாயும். அளவு சரியில்லை, சரக்கு தாமதம், இத்தனை உருப்படி ரிஜெக்ட், பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று கார் கம்பெனி எழுதும். சப்ளையர் பவ்யமாகப் பதில் எழுதுவார். முழுக் காரையும் கழற்றிப் போட்டு, “உங்கள் தயாரிப்பில் இன்னின்ன கோளாறு” என்று சப்ளையர் எழுதிய கடிதங்கள் எத்தனை இருக்கும்? அதுவும் ஃபெராரிக்கு. ஊதா மையில் எழுதுகிற, வந்தவர்களை வாசலில் காக்க வைக்கிற, தன் கார் வாங்குகிறவனே தனக்குக் கடமைப்பட்டவன் என்பதுபோல் நடந்துகொள்கிற ஃபெராரிக்கு.

கடிதத்தைக் கிழித்துப் போட ஃபெராரியால் முடியவில்லை, ஏனென்றால் பேரிங் வேண்டும். உறவை முறித்துக்கொள்ள வேண்டர்வெல்லுக்கும் மனமில்லை, ஏனென்றால் கார் வேண்டும். இருவருக்கும் நடந்த பேச்சுவார்த்தையை டெனிஸ் ஜென்கின்சனும் சிரில் பாஸ்துமஸும் 1975-இல் வெளியிட்ட ‘வான்வால்’ நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பந்தய நூல் என்ற எண்ணத்தோடு திறந்தால், பாதி வணிகக் கடிதப் போக்குவரத்து பற்றிய நூல் என்று தோன்றும். எனக்கு அந்தப் பாதிதான் பிடித்தது.

திருப்பி அனுப்பியதற்குப் பதிலாக 1950-இல் இரண்டாவது கார் வந்தது. ஆகஸ்டில் ஃபெராரியின் ஓட்டுநர் அஸ்காரி அதைச் சில்வர்ஸ்டோனில் ஓட்டினார், முடிக்கவில்லை. அதே நாளில் நாட்டின் மானமான பி.ஆர்.எம்., கொடி அசைந்ததும் ஓர் அடி நகர்ந்து கோட்டிலேயே முறிந்து நின்றது. வேண்டர்வெல் அந்தக் கமிட்டியைத் தலைமுழுகியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 1951-இல் நாலரை லிட்டர் ஃபெராரி வந்தது. அந்த மே மாதம் சில்வர்ஸ்டோனில் ஆலங்கட்டி மழை கொட்டிப் பந்தயம் பாதியில் நின்றபோது, யாராலும் வெல்ல முடியாத ஆல்ஃபா ரோமியோக்களுக்கு முன்னால் நின்றது பச்சை ஃபெராரி, ரெஜ் பார்னெல் ஓட்டியது. மாரனெல்லோவின் சொந்தச் சிவப்புக் கார் ஆல்ஃபாவைத் தோற்கடிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகவேண்டியிருந்தது.

அதற்குள் வேண்டர்வெல் அந்தக் காரின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்திருந்தார். 50களின் தொடக்கத்திலேயே டிஸ்க் பிரேக் போட்டுவிட்டார். ஃபெராரியின் சொந்தப் பந்தயக் கார் டிஸ்க் பிரேக்கோடு ஓடியது 1958 செப்டம்பரில்தான். அதுவும் ஃபெராரி ஓட்டுநர் மைக் ஹாதார்ன் பிடிவாதம் பிடித்து, இறந்துபோன நண்பர் பீட்டர் காலின்ஸின் சொந்தக் காரிலிருந்த டன்லப் பிரேக்கைக் கழற்றிப் போடச் சொன்ன பிறகு. குறை சொன்னவர் சொன்னதோடு நிற்காமல் திருத்தியும் காட்டிக்கொண்டிருந்தார். திருத்தி முடிக்கும்போது அதில் ஃபெராரி எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது கேள்வி. அடுத்த படி இயல்பாக வந்தது: சொந்தமாகவே ஒரு கார். 1954-இல் அது ஓடத் தொடங்கியது. குடும்பப் பெயரில் பாதி, சரக்கின் பெயரில் பாதி சேர்த்து வான்வால் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காரும் கடிதங்களால் ஆனதுதான். நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வேண்டர்வெல் இயக்குநர். ஆகவே சிலிண்டரின் மேல்பகுதி நார்ட்டன் பந்தய பைக்கின் வழி வந்தது. கிராங்க் கேஸுக்கு மாதிரி, ரோல்ஸ் ராய்ஸ் ராணுவ வண்டி எஞ்சின். பெட்ரோல் பீய்ச்ச ஜெர்மனியின் பாஷ். சட்டகத்தைத் திருத்தித் தந்தவர் காலின் சாப்மன், உடம்பை வரைந்தவர் விமானத் துறையிலிருந்து வந்த ஃபிராங்க் காஸ்டின். பேரிங் மட்டும் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

லண்டனிலிருந்து லிவர்பூலுக்கு ரயிலில் போனேன். வான்வால் வென்ற எய்ன்ட்ரீ அங்கேதான். எய்ன்ட்ரீ என்றால் ஊர்க்காரர்களுக்குக் குதிரைப் பந்தயம். கார்ப் பந்தயப் பாதை அந்தக் குதிரைத் தடத்தை ஒட்டியே ஓடியது, பார்வையாளர் மேடைகளும் பொது. வாயிலில் இருந்த காவலரிடம் வான்வால் பற்றிக் கேட்டேன். அவர் ‘ரெட் ரம்’ என்ற குதிரையின் கல்லறையைக் காட்டினார். தவறில்லை, மூன்று முறை கிராண்ட் நேஷனல் வென்ற குதிரை அது.

1957 ஜூலை 20 அன்று இங்கேதான் பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் ஓட்டிய பிரிட்டிஷ் கார் முதன்முறையாக உலகச் சாம்பியன்ஷிப் கிராண்ட் ப்ரீ ஒன்றை வென்றது. வான்வால் ஓட்டுநர் மாஸின் கார் தகராறு செய்ய, அதே குழுவில் லெ மான் விபத்துக் காயம் ஆறாமல் ஓட்டிக்கொண்டிருந்த டோனி புரூக்ஸ் தன் காரை அவரிடம் ஒப்படைத்தார். பின்தங்கியிருந்த மாஸ் துரத்தினார். முன்னால் போய்க்கொண்டிருந்த பெஹ்ராவின் மஸராட்டியில் கிளட்ச் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டில் ஹாதார்னின் டயர் பங்க்சர். மாஸ் வென்றார். அடுத்த மூன்று இடமும் ஃபெராரிக்கு. அந்த ஃபெராரிகளுக்கு பேரிங் போவது நின்றிருக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் ரசம். மேடையில் தோற்கடித்தவரும் சரக்கு அனுப்பியவரும் ஒரே முதலாளி.

பிறகு இத்தாலி. மிலானிலிருந்து மோன்ஸா அரை மணிக்குள் வந்துவிடுகிறது. ஊரின் பூங்காவுக்குள் இருக்கும் பந்தயப் பாதையில், மரங்களுக்கு நடுவே பழைய சாய்தளம் சுவர்போல் எழுந்து நிற்கிறது. ஏறிப் பார்த்தால் கால் வழுக்குகிறது, நாலு கால் பாய்ச்சலில் அதில் கார் ஓட்டியவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. 1957 செப்டம்பரில் இங்கே நடந்தது ஒரு சின்ன வேடிக்கை. தகுதிச் சுற்றில் முதல் மூன்று இடத்தையும் பச்சை வான்வால்களே பிடித்துவிட்டன. முன்வரிசையில் மூன்று கார் என்றால் இத்தாலியச் சிவப்பு ஒன்றுகூட இருக்காது. அமைப்பாளர்கள் யோசித்து, முன்வரிசையில் நான்கு கார் என்று மாற்றினார்கள். நான்காவதாக ஃபாஞ்சியோவின் மஸராட்டி வந்து நின்றது. பந்தயத்தை மாஸ் வென்றார். மறு ஆண்டு இதே இடத்தில் புரூக்ஸ் வென்றார். அந்த 1958-இல்தான் கார் செய்பவர்களுக்கென்று உலகப் பட்டம் முதன்முறையாக வைத்தார்கள். வான்வால் 48 புள்ளி, ஃபெராரி 40. ஓட்டுநர் பட்டம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஃபெராரியின் ஹாதார்னுக்குப் போனது.

கடைசிப் பந்தயத்தில், மொராக்கோவில், வான்வாலின் இளம் ஓட்டுநர் ஸ்டுவர்ட் லூயிஸ்-எவன்ஸ் தீக்காயம் பட்டு, சில நாளில் இறந்தார். வேண்டர்வெல்லின் உடல்நிலையும் கெட்டது. 1959 ஜனவரியில் குழுவைக் கலைத்தார். 1967 மார்ச்சில் அவர் இறந்தார். அதே ஆண்டில் பேரிங் நிறுவனம் ஜி.கே.என். கைக்குப் போனது.

மொடெனாவில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ஃபெராரி பிறந்த வீடு. அதன் பக்கத்தில் காரின் பானட் போல வளைந்த மஞ்சள் அலுமினியக் கூரையோடு அருங்காட்சியகம் ஒன்றை 2012-இல் திறந்திருக்கிறார்கள். கூரையைப் படம் எடுக்கிறார்கள் எல்லோரும். எனக்கு அதைவிட வீட்டோடு ஒட்டிய நீளமான செங்கல் கட்டடம் முக்கியமாகப் பட்டது. ஃபெராரியின் அப்பா அல்ஃபிரெடோவின் பட்டறை அது. ரயில்வேக்கு இரும்பு வேலை செய்து கொடுத்தவர். அதாவது, என்ஸோ ஃபெராரி ஒரு சப்ளையரின் மகன். பெரிய இடத்திலிருந்து கடிதம் வரும்போது வீட்டில் எப்படி இருக்கும் என்பதைச் சிறுவயதில் பார்த்திருப்பார். பின்னாளில் அவர் சப்ளையர்களை நடத்திய விதத்துக்கு இதில் விளக்கம் இருக்கிறதா என்றால், எனக்கு இருப்பதாகவே படுகிறது. அடிமாட்டு விலைக்குப் பேசினாலும், பாகம் செய்பவன் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். வெபர் கார்புரேட்டர், போரானி சக்கரம், ஸ்காலியெட்டி தட்டிய தகடு, வேண்டர்வெல் பேரிங் என்று அந்தக் காலத்து ஃபெராரி ஒரு கூட்டுக் குடும்பம்.

ஸ்காலியெட்டி இந்த ஊர்க்காரர். ஃபெராரியோடு அவருக்குக் கடிதமே தேவைப்படவில்லை, பட்டறை கூப்பிடு தூரத்தில். மணல் மூட்டையின் மேல் அலுமினியத்தை வைத்து, வரைபடம் இல்லாமல், கண்ணை நம்பித் தட்டியவர். பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சு, தூரத்து ஊர்க்காரனோடு கடிதம். ஃபெராரியோ ஊரைவிட்டு வெளியே போக விரும்பாதவர், விமானம் ஏறாதவர். ஆகவே வேண்டர்வெல் போன்றவர்கள் எழுத வேண்டும், அல்லது வர வேண்டும்.

மொடெனாவிலிருந்து மாரனெல்லோவுக்குப் பேருந்து போகிறது. சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்கும் இடத்தில் அந்த ஊர். ஆலையின் பழைய வாயிலுக்கு எதிரே ‘கவல்லினோ’ உணவகம், ஃபெராரி தனி அறையில் சாப்பிட்ட இடம். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, நான் இரண்டு தெரு தள்ளி வறுத்த மாவுப் பூரியும் பன்றித் தொடைச் சீவலும் சாப்பிட்டேன். அருங்காட்சியகத்தில் சிவப்புக்குப் பஞ்சமே இல்லை. பச்சை ஃபெராரியைப் பற்றி ஒரு வரி தேடினேன், என் கண்ணில் படவில்லை.

மொடெனாவுக்குத் திரும்பியபின், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். 60களின் மூன்று லிட்டர் ஃபெராரி எஞ்சின் ஒன்று ஸ்டாண்டில் தலைகீழாக நின்றது. வயதான மெக்கானிக், உடைந்த ஆங்கிலம். கழற்றி வைத்த பழைய பேரிங் அரைவட்டம் ஒன்றை எடுத்து, பின்புறம் திருப்பிக் காட்டினார். வேண்டர்வெல் என்று பொறித்திருந்தது.

“இவர் ஃபெராரிக்குப் புகார்க் கடிதம் எழுதியவர், தெரியுமா?” என்று கேட்டேன்.

“இங்கிலீஷ்காரர். பேரிங் நல்ல பேரிங்” என்றார். அவ்வளவுதான்.

“ஃபெராரியிடம் புகார் சொன்னவர் என்றால் லம்போர்கினிதானே” என்று அவரே தொடர்ந்தார். பக்கத்து ஊர் டிராக்டர் முதலாளி, கிளட்ச் சரியில்லை என்று ஃபெராரியிடம் சொல்லப்போய், டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு ஃபெராரி ஓட்டத் தெரியாது என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, கோபத்தில் 1963-இல் சொந்தக் கார் ஆலை வைத்த கதை. லம்போர்கினியே பின்னாளில் பேட்டிகளில் சொல்லிப் பரவியது. கடிதம் இல்லை, பட்டியல் இல்லை, அந்தக் கோபத்தில் பிறந்த கார்கள் ஃபெராரியிடமிருந்து உலகப் பட்டம் எதையும் பறிக்கவும் இல்லை. ஆனால் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேர் குரலிலும் மாறி மாறி நடித்துக் காட்டினார். ஃபெராரியாக வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுவதுபோல் விரல்களைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது. நானும் சிரித்தேன்.